டிராக் காருக்குக் காயிலோவர்: எந்த ஸ்பிரிங், எந்த டேம்பர், எதை முதலில் முடிவு செய்வது

டிராக்கில் ஓட்டுவதற்கென்று ஒரு காரைத் தயார் செய்ய ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "முன்னாடி எத்தனை கிலோ, பின்னாடி எத்தனை கிலோ?" என்பதுதான். கிலோ என்று அவர்கள் சொல்வது ஸ்பிரிங்கின் விறைப்பை, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பதை. 8க்கு 6, 10க்கு 8, 12க்கு 10 என்று ஜோடி ஜோடியாக எண்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த எண் எந்தக் காரில், எந்தச் சக்கர அமைப்பில், எந்த டயரோடு வேலை செய்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அது தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசை டேம்பரில், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில், போடுங்கள். ஸ்பிரிங்கை, உங்கள் டயரையும் சஸ்பென்ஷனுக்கு மிச்சமிருக்கும் அசைவுத் தூரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கார் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அசைவின் கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டையில், போய் முட்டாத அளவுக்கு விறைப்பு வந்துவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள், அதற்கு மேல் ஏற்றக் காரணம் வேண்டும்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் காயிலோவர் செட் (டேம்பரின் மேலேயே ஸ்பிரிங் உட்காரும், உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு) முன்னால் 10, பின்னால் 8 கிலோ. பெட்டியில் டிராக்குக்கு உரியது என்று போட்டிருந்தது, நானும் நம்பினேன். வழவழப்பான வளைவுகளில் கார் நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில் சின்னதாக ஒரு மேடு இருக்கும் வேகமான வளைவு ஒன்றில், ஒவ்வொரு சுற்றிலும் முன்சக்கரம் அந்த மேட்டில் ஏறி இறங்கும் கணத்தில் காரின் மூக்கு வெளிப்பக்கமாகத் தாவும். டயரைக் குறை சொன்னேன், காற்றழுத்தத்தை மாற்றினேன், கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை, மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் முன் ஸ்பிரிங்கை 7 கிலோவுக்கு இறக்கியபோது தாவல் நின்றது, அதே டயரில் லேப் நேரமும் குறைந்தது.

ஏன் அப்படி ஆனது? டயரின் மேல் பாரம் இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் பாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ஏறும்போது கிடைக்கும் பிடிப்பைவிட இறங்கும்போது தொலைவது அதிகம். மேடு பள்ளத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது அப்படியே டயரின் மேல் பார ஏற்ற இறக்கமாகப் போய்ச் சேரும். டயரின் பிடிப்பு என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் மென்மையான ஸ்பிரிங்தான் எப்போதும் ஜெயிக்கும். விறைப்பு தேவைப்படுவது வேறு காரணங்களுக்காக: கார் சாயும்போது டயரின் கோணம் கெட்டுப்போகாமல் இருக்க, பிரேக்கில் மூக்கு தரையைத் தொடாமல் இருக்க, ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் பதில் சொல்ல, இறக்கையும் ஸ்ப்ளிட்டரும் (மூக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) இருந்தால் அவற்றுக்குத் தரையிலிருந்து ஒரே உயரம் கிடைக்க. இந்தக் காரணங்களில் எது உங்கள் காருக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கிலோவை விட்டுவிட்டு ஹெர்ட்ஸைப் பாருங்கள்

ஒரு காரின் எண்ணை இன்னொரு காரோடு ஒப்பிட வேண்டும் என்றால் இயல்பு அதிர்வெண்தான் சரியான அளவுகோல். அதாவது, டேம்பரே இல்லாவிட்டால் காரின் ஒரு மூலை, அதாவது ஒரு சக்கரத்தின் மேலிருக்கும் பகுதி, ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. சாதாரண சாலைக் கார் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரை. நான் டிராக் கார்களுக்கு எடுத்துக்கொள்ளும் தொடக்கப் புள்ளிகள் இவை: நல்ல சாலை டயர் என்றால் 1.8 முதல் 2.2, செமி ஸ்லிக் (சாலையிலும் ஓட்டக்கூடிய டிராக் டயர்) என்றால் 2.2 முதல் 2.5, முழு ஸ்லிக் (வரிப்பள்ளமே இல்லாத பந்தய டயர்) என்றால் 2.5க்கு மேல். இறக்கையின் மேல் ஓடும் காற்றால் தரையில் அமுக்கப்படும் கார்கள் 3ஐத் தாண்டிப் போகும், ஆனால் அவற்றின் தேவையே வேறு. என் பழைய 10 கிலோ ஸ்பிரிங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது 2.8 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தது. சாலை டயரில் ஓடும் காருக்கு ஸ்லிக் காரின் ஸ்பிரிங்.

கணக்கு கடினமில்லை, ஆனால் ஒரு இடத்தில் பலரும் வழுக்கி விழுகிறார்கள். சக்கரம் ஒரு மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதை மோஷன் ரேஷியோ என்பார்கள். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் (டேம்பரே சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அமைப்பு) ஸ்பிரிங் கிட்டத்தட்ட சக்கரத்தோடு சேர்ந்தே நகர்வதால் அது 0.95 பக்கம் இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டபுள் விஷ்போன் அமைப்பில் ஸ்பிரிங் கைக்கு நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதால் 0.6 முதல் 0.75 வரை வரும். சக்கரம் உணரும் விறைப்பு என்ன என்று தெரிய, ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த எண்ணால் ஒரு முறை பெருக்கினால் போதாது, இரண்டு முறை பெருக்க வேண்டும். விசையும் குறைகிறது, அசைவும் குறைகிறது, அதனால் வர்க்கம்.

ஓர் உதாரணம். ஓட்டுநரோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார், 55 சதவீதம் முன்னால். ஒரு முன்சக்கரத்தின் மேல் 330 கிலோ. அதில் சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் ஒரு 40 கிலோ என்று கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 290 கிலோ. இதற்கு 2.2 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 5.65 கிலோ விறைப்பு வேண்டும். ஸ்ட்ரட் காரில் அதற்கு 6.3 கிலோ ஸ்பிரிங் போதும். மோஷன் ரேஷியோ 0.65 உள்ள விஷ்போன் காரில் அதே உணர்வுக்கு 13.4 கிலோ வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல்! டொயோட்டா 86 போல முன்னால் ஸ்ட்ரட் உள்ள கார் வைத்திருப்பவர், பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஓடிய எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் தவறினாலும் அதே கதைதான்.

சக்கரத்தில் மோஷன் ரேஷியோவை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு டேம்பரை மட்டும் மாட்டி, சக்கரத்தை ஜாக்கால் 10 மி.மீ. 10 மி.மீ. ஆகத் தூக்கி, டேம்பர் எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் டேம்பரின் மேலேயே உட்காரும் அமைப்பில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

பம்ப் ஸ்டாப் என்ற மறைந்திருக்கும் ஸ்பிரிங்

அதிர்வெண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் அசைவுத் தூரம். 1.5 ஹெர்ட்ஸ் இருக்கும் அதே 1200 கிலோ காரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், முன் பின் சக்கர இடைவெளி 2.5 மீட்டர் என்றால், 1 ஜி பிரேக்கில் (புவியீர்ப்புக்குச் சமமான வேகக் குறைப்பில்) 240 கிலோ பின்னாலிருந்து முன்னுக்கு நகரும், சக்கரத்துக்கு 120 கிலோ. சஸ்பென்ஷன் கைகளின் கோணம் தாங்கும் பங்கை விட்டுவிட்டுப் பார்த்தால், 1.5 ஹெர்ட்ஸில் மூக்கு 46 மி.மீ. இறங்கும். 2.2 ஹெர்ட்ஸில் அதே பிரேக்குக்கு 21 மி.மீ. இப்போது அந்தக் காரை 30 மி.மீ. தாழ்த்தி, பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் 40 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்தால், மென்மையான ஸ்பிரிங்கில் பிரேக்கை அழுத்தும்போதே அது முட்டிவிடும். அதற்குப் பிறகுதான் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பப் போகிறீர்கள்.

பம்ப் ஸ்டாப் முட்டும் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு திடீரென்று பல மடங்காகும். முன்னால் முட்டினால் கார் திரும்ப மறுக்கும், பின்னால் முட்டினால் வால் சட்டென்று வெளியே வரும். ஓட்டுநருக்கு அது டயர் பிடியை விட்டதுபோலத்தான் தெரியும். "இந்த வளைவில் மட்டும் கார் ஏதோ செய்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது டேம்பர் தண்டில் ஒரு மெல்லிய ஜிப் டை கட்டி, அது ஒரு ஓட்டத்தில் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதைத்தான். மிகச் சுலபமான சோதனை இது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

தாழ்த்துவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஈர்ப்பு மையம் இறங்குவது நல்லதுதான். ஆனால் ஸ்ட்ரட் காரில் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி, சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், ரோல் சென்டர், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடுவதால், காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகும். தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாயும், அதைச் சரிசெய்ய இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போட வேண்டிவரும், அப்புறம் அது மேட்டில் துள்ளும். கீழ்க்கை கிடைமட்டமாகவோ, சக்கரப் பக்கம் சற்றே தாழ்ந்தோ இருக்கும் உயரத்தில் நிறுத்துவதுதான் நல்லது. அதற்கும் கீழே போயே ஆக வேண்டுமென்றால் நீளமான பால் ஜாயின்ட்டும், அதற்கேற்ப டை ராடின் உயரத்தைத் திருத்தும் பாகமும் சேர்த்து வாங்குங்கள்.

சரி, எதை வாங்குவது?

கையில் இருக்கும் வழிகள் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை மட்டும் வாங்கித் தொழிற்சாலை டேம்பரில் மாட்டுவது. டிராக்குக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார் தாழ்கிறது, அசைவுத் தூரம் குறைகிறது, ஆனால் விறைப்பு அந்தக் குறைவை ஈடுகட்டும் அளவுக்கு ஏறுவதில்லை. மேலே சொன்ன பம்ப் ஸ்டாப் கதைதான் நடக்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், முன்னால் கொஞ்சம் கேம்பர், இவற்றோடு ஒரு வருடம் ஓட்டுங்கள் என்பதே.

இரண்டாவது, உயரத்தையும், ஒரே ஒரு திருகால் டேம்பரின் தடையையும் மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கோடு சேர்ந்து வரும் காயிலோவர் செட். இந்த வகையில் தரம் மலைக்கும் மடுவுக்கும் போல மாறும். ஒரு பக்கம் பில்ஸ்டீன் பி16 போல, ஒரே திருகில் கம்ப்ரெஷனையும் (அமுங்கும்போது தரும் தடை) ரீபவுண்டையும் (நீளும்போது தரும் தடை) சேர்த்தே நகர்த்தும், உள்ளே நன்றாக வால்வு அமைக்கப்பட்ட மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) டேம்பர். ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக் செட்டும் ஒற்றைத் திருகுதான், ஆனால் அதில் உள்ள இரட்டை ஓட்ட வால்வு கெர்பில் (டிராக்கின் ஓரத் திட்டில்) ஏறி இறங்கிய சக்கரத்தைத் தரைக்கு வேகமாகத் திரும்ப விடுகிறது. மறுபக்கம் 30 கிளிக், 32 கிளிக் (திருகின் படிகள்) என்று விளம்பரப்படுத்தப்படும் செட்டுகள். அவற்றில் சிலவற்றில் முதல் பத்து கிளிக்குக்கு ஒன்றும் மாறாது, கடைசி ஐந்தில் எல்லாம் மாறும். நான் வாங்கிய அந்த முதல் செட்டை டேம்பர் சோதனைப் பலகையில் போட்டுப் பார்த்தபோது, ஒரே கிளிக்கில் இடதும் வலதும் ஒத்துப்போகவில்லை. கிளிக் எண்ணிக்கையை வைத்து எதையும் வாங்காதீர்கள். விசை வரைபடம் தருகிறார்களா, தேய்ந்தால் திறந்து சரிசெய்ய முடியுமா, ஸ்பிரிங்கை மாற்றினால் வால்வை மாற்றித் தருவார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். வருடத்துக்கு நான்கைந்து நாள் டிராக், மற்ற நாளெல்லாம் சாலை என்றால் இந்த வகையில் ஒரு நல்ல செட்டே போதும், அதற்கு மேல் போவது வீண் செலவு.

மூன்றாவது வழி, கம்ப்ரெஷனையும் ரீபவுண்டையும் தனித்தனியே திருகக்கூடிய நல்ல டேம்பரை வாங்கி, ஸ்பிரிங்கை நாமே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. கேடபிள்யூவின் வேரியண்ட் 3 இரு வழித் திருகுக்குப் பரவலாகத் தெரிந்த உதாரணம், அதன் கிளப்ஸ்போர்ட் வரிசை டிராக்குக்கென்றே செய்யப்பட்டது. டிராக்குக்காகவே கார் வைத்திருப்பவருக்கு நான் கை காட்டுவது இந்த வழியைத்தான். காரணம் இரண்டு. ஒன்று, ஸ்பிரிங் சக்கரத்தைத் திரும்பக் கீழே தள்ளும்போது அதை அடக்குவது ரீபவுண்ட், மேட்டில் சக்கரம் ஏறும்போது காருக்கு எவ்வளவு அடி விழ வேண்டும் என்பது கம்ப்ரெஷன். இந்த இரண்டும் ஒரே திருகில் மாட்டிக்கொண்டால், ஸ்பிரிங்கை அடக்கத் திருகும்போது மேட்டிலும் சேர்த்தே விறைப்பாகிவிடும். இரண்டு, இப்படி வரும் டேம்பர்கள் ஒரு குறிப்பிட்ட எல்லை வரை ஸ்பிரிங்கை மாற்ற இடம் தருகின்றன.

அந்த எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவையான தணிப்பு, அதாவது டேம்பர் தர வேண்டிய தடை, விறைப்பின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். ஸ்பிரிங்கை 8 கிலோவிலிருந்து 10க்கு ஏற்றினால் விறைப்பு 25 சதவீதம் கூடுகிறது, தணிப்பு 12 சதவீதம்தான் கூட வேண்டும். சில கிளிக்குகளில் அது கிடைத்துவிடும். ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினால் தணிப்பு 41 சதவீதம் கூட வேண்டும், அது திருகில் கிடைக்காது, டேம்பரைத் திறந்து வால்வை மாற்ற வேண்டியதுதான். இதனால்தான் "டேம்பர் அதேதான், பெரிய ஸ்பிரிங் மட்டும் போட்டேன்" என்று சொல்பவர்களின் கார் நேர்க்கோட்டிலும் குதித்துக்கொண்டே போகிறது. ரீபவுண்டை அளவுக்கு மேல் மூடுவதும் ஆபத்துதான். அடுத்தடுத்து மேடுகள் வந்தால் சக்கரம் கீழே இறங்க நேரமில்லாமல் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும்.

நான்காவது வழி, வெளியே தனி எண்ணெய்க் குப்பியோடு வரும் மூன்று வழி, நான்கு வழி டேம்பர்கள். மெதுவான அசைவுக்கும் வேகமான அசைவுக்கும் தனித்தனித் திருகு. இங்கே வேகம் என்பது காரின் வேகம் அல்ல, டேம்பர் தண்டின் வேகம். கார் சாய்வதும் மூக்கு இறங்குவதும் மெதுவான அசைவு, கெர்பில் ஏறுவது வேகமான அசைவு. அருமையான சாதனங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் தவறாகத் திருக நான்கு மடங்கு வாய்ப்பும் கூடவே வரும். டேட்டா பதிவுக் கருவியும், அதை உட்கார்ந்து படிக்கப் பொறுமையும், ஒரே டிராக்கில் திரும்பத் திரும்ப ஓட்ட வாய்ப்பும் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசில் பல செட் டயர் வாங்கி ஓட்டினால் அதிக நொடிகள் கிடைக்கும்.

பழைய பிஎம்டபிள்யூ ஈ36, ஈ46 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் பின்பக்கம் ஸ்பிரிங்கும் டேம்பரும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கி உண்மையான காயிலோவராக மாற்றும் செட்டுகள் உண்டு, மோஷன் ரேஷியோ கூடும் என்பதால் மென்மையான ஸ்பிரிங்கிலேயே வேலை முடியும். ஆனால் மேலே டேம்பர் மாட்டும் இடம் டேம்பரின் விசையைத் தாங்க மட்டுமே செய்யப்பட்டது. காரின் எடை முழுவதையும் அங்கே ஏற்றுவதானால் அந்தத் தகட்டைப் பலப்படுத்தாமல் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங்கிலேயே உள்ள தேர்வுகள்

ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங், அதாவது அமுங்க அமுங்க விறைப்பு ஏறுவது, சாலைக்கு வசதியானது. டிராக்கில் எனக்குப் பிடிக்காது. வளைவின் நடுவில் என் கையில் எத்தனை கிலோ விறைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், டேம்பருக்கும் ஒரே விறைப்பைத்தான் அடக்கத் தெரியும். லீனியர் ஸ்பிரிங் வாங்குங்கள். ஐபாக், ஸ்விஃப்ட், ஹைப்பர்கோ மூன்றுமே இந்தத் துறையில் பெயர் பெற்றவை, எதை எடுத்தாலும் வருத்தப்பட மாட்டீர்கள். உள்விட்டம் மட்டும் கவனம்: 60 மி.மீ., 65 மி.மீ., 2.5 அங்குலம் என்று பல அளவு உண்டு. 2.5 அங்குலம் என்பது 63.5 மி.மீ., 65க்கான தட்டில் அது சரியாக உட்காராது.

நீளத்தில் ஏமாறுவது சுலபம். குட்டையான ஸ்பிரிங் எடை குறைவு, ஆனால் முழு அசைவும் முடியும் முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடலாம். அப்படி ஒட்டினால் அது இரும்புத்துண்டுக்குச் சமம், பம்ப் ஸ்டாப்பைவிட மோசம். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க முடியும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும், டேம்பரின் அசைவைவிட அது அதிகமாக இருக்க வேண்டும்.

விறைப்பான குட்டை ஸ்பிரிங்கில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டிலிருந்து விலகிக் கலகலக்கும். அதற்குத்தான் ஹெல்பர் என்ற தட்டையான சின்ன ஸ்பிரிங். கார் தரையில் நிற்கும்போது அது முழுதாக நசுங்கிக் கிடக்கும், விறைப்பில் அதற்குப் பங்கே இல்லை. டெண்டர் ஸ்பிரிங் வேறு. அதற்கு உண்மையான விறைப்பு உண்டு, முக்கிய ஸ்பிரிங்கோடு தொடராக வேலை செய்யும். 12 கிலோ ஸ்பிரிங்கோடு 6 கிலோ டெண்டரைச் சேர்த்தால், டெண்டர் நசுங்கும் வரை கிடைப்பது 4 கிலோ, நசுங்கிய பிறகு 12. உள்பக்கச் சக்கரம் மேடு பள்ளத்தில் தரையை விடாமல் பின்தொடர இது உதவும். ஆனால் அந்தத் தாவல் எந்த உயரத்தில் நடக்கிறது என்று கணக்குப் போடாமல் மாட்டினால் வளைவின் நடுவில் காரின் குணம் மாறும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஹெல்பரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் ப்ரீலோட். தட்டைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கினால் அது விறைப்பாகிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். லீனியர் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறவே மாறாது. மேலே சொன்ன ஸ்ட்ரட் காரில் 6.3 கிலோ ஸ்பிரிங் காரின் எடையால் 48 மி.மீ. அமுங்கும். முன்கூட்டியே 10 மி.மீ. இறுக்கி வைத்தால் எடை விழுந்ததும் மிச்சம் 38 மி.மீ. அமுங்கும், அவ்வளவுதான். நடப்பது என்னவென்றால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் 10 மி.மீ. குறைகிறது, மேலே ஏறும் தூரம் அதே அளவு கூடுகிறது. டேம்பர் உடலின் அடியில் தனியாக உயரம் மாற்ற முடிந்தால், இதை வைத்து மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம். விறைப்பு வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் வாங்குவது ஒன்றே வழி.

ஸ்பிரிங்கா, ஆன்டி-ரோல் பாரா?

ஆன்டி-ரோல் பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைத்து, கார் சாயும்போது முறுக்கி எதிர்க்கும் கம்பி. சாய்வைக் குறைக்க இரண்டு வழியும் உண்டு. இரண்டுமே மொத்தப் பார மாற்றத்தைக் குறைப்பதில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1200 கிலோ கார், அரை மீட்டர் ஈர்ப்பு மையம், இடது வலது சக்கரத்துக்கு நடுவில் 1.5 மீட்டர், 1 ஜி வளைவு. எந்த ஸ்பிரிங் போட்டாலும் 400 கிலோ உள்ளேயிருந்து வெளியே போகும். அந்த 400இல் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்ற பங்கைத்தான் ஸ்பிரிங்கும் பாரும் தீர்மானிக்கின்றன. முன்னால் விறைப்பைக் கூட்டினால் முன்பங்கு கூடும், முன்டயர்கள் முதலில் களைக்கும், அண்டர்ஸ்டியர், அதாவது கார் திரும்ப மறுப்பது, வரும். பின்னால் கூட்டினால் அதற்கு நேர்மாறு.

நான் ஸ்பிரிங்கை வைத்து அடிப்படையை அமைத்து, பாரை வைத்துச் சமநிலையைத் திருத்துவேன். துளைகள் உள்ள பாரை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், ஸ்பிரிங்கை மாற்ற அரை நாள் போகும், அதன் பிறகு உயரம், மூலை எடை (ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடை) எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். மேடு பள்ளம் நிறைந்த டிராக்கில், உதாரணமாக 20.8 கி.மீ. நீளமுள்ள நூர்பர்கிரிங் நோர்ட்ஷ்லைஃபே போன்ற இடத்தில், மென்மையான ஸ்பிரிங்கும் நடுத்தரமான பாரும் நல்ல சேர்க்கை, ஏனென்றால் இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் பார் குறுக்கே வராது. ஆனால் பாரை மிகவும் விறைப்பாக்கினால் ஒரு சக்கரம் கெர்பில் ஏறும்போது மற்றதையும் இழுக்கும். பின்சக்கர இழுவைக் காரில் சாதாரண டிஃபரென்ஷியல் (இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் பாகம்) இருந்தால், தடித்த பின்பார் உள்சக்கரத்தைத் தூக்கிவிட்டு வளைவிலிருந்து வெளியே வரும்போது அதைச் சும்மா சுழல வைக்கும். முன்சக்கர இழுவைக் காருக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் தாராளமாக விறைப்பைக் கூட்டலாம், உள்பக்கப் பின்சக்கரம் காற்றில் தூக்கினாலும் பரவாயில்லை, அது எதையும் இழுப்பதில்லை.

முன்னால் பின்னால் அதிர்வெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கம் முன்பக்கத்தைவிட வேகமாக ஆட வேண்டும் என்ற விதி 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி செய்த வேலையிலிருந்து வந்தது. முன்சக்கரம் மேட்டை முதலில் தொடுவதால், பிறகு தொடங்கும் பின்பக்கம் அதை எட்டிப்பிடித்து இரண்டும் ஒன்றாக ஆடினால் பயணிக்குச் சுகம் என்பதே அதன் நோக்கம். டிராக் காரில் தணிப்பு அதிகம், இரண்டாவது ஆட்டம் வரை எதுவும் நீடிப்பதில்லை. அதனால் பின்சக்கர இழுவைக் காரில் இழுவைக்காகப் பின்பக்கத்தை முன்பக்கத்துக்குச் சமமாகவோ சற்று மென்மையாகவோ வைக்க நான் தயங்குவதில்லை.

மாட்டிய பிறகு

வரிசை முக்கியம். முதலில் உயரம். அடுத்து மூலை எடை: ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, டேங்கில் பாதி எரிபொருள் போட்டு, பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏற்றுங்கள். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள மூலையிலும் எடை கூடும், அதை வைத்துக் குறுக்கு எடையை (ஒரு குறுக்கு ஜோடி மொத்த எடையில் தாங்கும் பங்கை) 50 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். அது தவறினால் கார் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் திரும்பும், ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பிறகு கேம்பர். ஸ்ட்ரட் கார்கள் சாயும்போது கேம்பரை அதிகம் ஈட்டுவதில்லை என்பதால் செமி ஸ்லிக்கோடு முன்னால் மைனஸ் 3 டிகிரி பக்கம் தேவைப்படும், கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த விடும் தகடு) இல்லாமல் அது கிடைக்காது. உண்மையில் பல ஸ்ட்ரட் கார்களில் "ஸ்பிரிங் போதவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது கேம்பர் போதாமைதான். கேம்பர் பிளேட் முதலில், கூடுதல் விறைப்பு பிறகு.

டேம்பரைத் திருகும்போது முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணுங்கள். தயாரிப்பாளர் சொன்ன நடு நிலையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு முனையில் ஒரு திருகை மட்டும், இரண்டு மூன்று கிளிக்காக மாற்றுங்கள். எழுதி வையுங்கள். டயர் காற்றழுத்தத்தைச் சூடாக இருக்கும்போதே பார்த்துச் சமன்செய்யாமல் எதையும் ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அழுத்தம் மாறினால் அதன் விறைப்பும் மாறும்.

முடிவெடுக்க இன்னும் திணறுபவர்களுக்கு: சாலையிலும் ஓட்டும் காரென்றால் நல்ல ஒற்றைத் திருகு செட், 2 ஹெர்ட்ஸுக்குள். டிராக்குக்கு மட்டும் என்றால் இரு வழி டேம்பர், செமி ஸ்லிக்கோடு 2.2 ஹெர்ட்ஸில் லீனியர் ஸ்பிரிங், கூடவே முன்னுக்கு ஒரு படி மென்மையான ஒரு ஜோடியும். மழை நாளில் பின்பாரின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிட்டு, டேம்பரை நான்கு புறமும் சில கிளிக் திறந்துவிட்டாலே கார் பேச்சைக் கேட்கும், அந்த ஒரு நாளுக்காக ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம்.